பிச்சாவரத்திலிருந்து கோடியக்கரைக்குப் படகிலேயே போக முடியுமா?

கேள்வி இதுதான்: பிச்சாவரத்தில் படகு ஏறி, கடலுக்குள் போகாமல், கரையோரக் கால்வாய் வழியாகவே தெற்கே நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை வரை போக முடியுமா? பக்கிங்காம் கால்வாய் அதுவரை வருகிறது என்று யாரோ சொன்னார்களாம், அது சரியா? முடியும் என்றால் எந்த மாதம் நல்லது?

ஒரே படகில், ஒரே நீர்வழியில் முடியாது. துண்டு துண்டாக முடியும், நடுவில் பஸ் ஏறத்தான் வேண்டும். பிச்சாவரத்துக்கும் கோடியக்கரைக்கும் நேர்கோட்டில் சுமார் 125 கிலோமீட்டர். அதில் பாதிக்கும் குறைவான தூரத்துக்குத்தான் கரையை ஒட்டிய கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் இன்றைக்குப் பயணிகள் படகு எதுவும் ஓடவில்லை.

பக்கிங்காம் கால்வாய் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது ஆந்திராவில் பெத்தகஞ்சாமில் தொடங்கி, சென்னையை ஊடுருவி, மரக்காணம் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை எல்லாம் தாண்டித்தான் பிச்சாவரம். இடையில் அப்படி ஒரு கால்வாயே கிடையாது. 2008-இல் அறிவித்த தேசிய நீர்வழி 4-இல் காக்கிநாடா–புதுச்சேரி என்று பெயர் இருப்பதால், புதுச்சேரி வரை தண்ணீர் ஓடுகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வரைபடத்தில் இன்னொரு நீலக்கோடு கடலோரமாகவே போகிறது. இரண்டையும் மனசுக்குள் இணைத்துவிட்டால் சென்னையிலிருந்து வேதாரண்யம் வரை ஒரே கால்வாய் என்ற கதை தயார். அந்தத் தெற்குக் கோடு வேறு கால்வாய். பெயர் வேதாரண்யம் கால்வாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டெல்டாவில் ஏன் வடக்கு–தெற்கு நீர்வழி இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கல்லணையில் பிரியும் காவிரியும் வெண்ணாறும் அவற்றின் கிளைகளில் பெரும்பாலானவையும் கிழக்கே கடலைப் பார்த்து ஓடுகின்றன. சீப்பின் பற்கள் மாதிரி. நீங்கள் கேட்பது அந்தப் பற்களைக் குறுக்கே வெட்டிப் போகும் வழி. வடக்கிலிருந்து வரிசையாக எண்ணினால் கொள்ளிடம், திருமுல்லைவாசலில் உப்பனாறு, பூம்புகாரில் காவிரி, தரங்கம்பாடிக்குத் தெற்கே நண்டலாறு, காரைக்காலில் அரசலாறு, அடுத்து திருமலைராஜனாறு, நாகூரில் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு, வேளாங்கண்ணியில் வெள்ளையாறு. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடலில் விழுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடல்தான் வழி, இல்லையென்றால் சாலை.

ஆற்றுக்குள்ளேயாவது நீளமாகப் போகலாமா என்றால், அங்கேயும் ஷட்டர் நிற்கும். உப்புத் தண்ணீர் வயலுக்கு ஏறாமல் தடுக்கவும், கடைமடைக்கு வந்த தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்குத் திருப்பவும் கடலுக்குச் சற்று முன்னாலேயே கதவணை கட்டியிருப்பார்கள். காவிரிக்கு அந்தக் கடைசிக் கதவணை பூம்புகாருக்குப் பக்கத்தில் மேலையூரில். மேட்டூரில் திறந்த தண்ணீர் மேலையூருக்கு வந்து சேர்ந்தால் விவசாயிகள் பூவும் நெல்லும் தூவி வரவேற்பார்கள். படகுக்காரனுக்கு அது வெறும் சுவர். படகு ஏறி இறங்க லாக் வைத்துக் கட்டிய அணை அல்ல அது, நெல்லுக்காகக் கட்டியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் காவிரி–கொள்ளிடத்துக்கு தேசிய நீர்வழி 55 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். எண் இருக்கிறது, படகு இல்லை.

கேரளாவோடு ஒப்பிட்டுத்தான் இந்த ஆசை பலருக்கு வருகிறது. அங்கே மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் நேராகக் கடலுக்குப் போகாமல், கரைக்கு உள்பக்கம் நீளவாக்கில் கிடக்கும் வேம்பநாட்டுக் காயலில் விழுகின்றன. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வடக்கு–தெற்காகப் படகு விடுவதற்கு இயற்கையே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. இங்கே காயல் என்று சொல்லத்தக்கது இரண்டு முனைகளில்தான் இருக்கிறது, வடக்கே பிச்சாவரம், தெற்கே முத்துப்பேட்டை. நடுவில் இருப்பது மணல் கரையும் முகத்துவாரங்களும். அந்த முகத்துவாரங்களிலும் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். இந்தக் கரையில் கடலேற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அந்த அளவு ஏற்றவற்றத்துக்கு வாய்க்காலை அடைசல் இல்லாமல் கழுவி வைத்திருக்கும் பலம் போதாது.

பழைய காலத்தில் மட்டும் எப்படி என்று கேட்கலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் படகுகள் வருகின்றன. வெள்ளை உப்பை ஏற்றிக்கொண்டு போய் விற்று, பதிலுக்கு நெல்லை வாங்கி வந்து, லாயத்தில் குதிரையைக் கட்டுவதுபோலக் கழியோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் படகுகள். அந்தப் போக்குவரத்தின் திசையைக் கவனியுங்கள். கடற்கரையில் உப்பு, உள்நாட்டில் நெல். மேற்கே போய்க் கிழக்கே திரும்பிய படகுகள் அவை. தெற்கே தூரம் போக வேண்டியவர்கள் கப்பல் ஏறிக் கடலில் போனார்கள்.

சரி, இப்போது வேதாரண்யம் கால்வாய். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை கடற்கரைக்கு இணையாக சுமார் 57 கிலோமீட்டர். 1860-களில் வெட்டியது. இதையும் வெட்ட வைத்தது உப்புதான். வேதாரண்யத்தைச் சுற்றி, குறிப்பாக அகஸ்தியம்பள்ளியில், உப்பளம் உண்டு. நல்ல சாலை கிடையாது, மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்கிவிடும். உப்பு மூட்டைகளைத் தோணியில் ஏற்றி நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்தால் அங்கே துறைமுகமும் ரயிலும் இருந்தன. உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். வரி போட்ட ஒவ்வொரு மூட்டையும் கணக்கில் வர வேண்டும். கால்வாயில் போனால் கண்காணிப்பதும் சுலபம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதே உப்பு அதுவரை எந்த வழியாக வெளியே போனது என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

பிறகு உப்பு ரயிலுக்கும் லாரிக்கும் மாறிவிட்டது. கால்வாய்க்கு வேலை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், வேலை மாறிவிட்டது. இப்போது அது வடிகால். வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று வெண்ணாற்றுக் கிளைகள் கொண்டுவரும் மழைவெள்ளத்தை வாங்கிக் கடலுக்குத் தள்ளுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்று உபவடிநிலத்தில் எடுத்த சீரமைப்புத் திட்டத்தில் வேதாரண்யம் கால்வாயும் சேர்ந்திருக்கிறது. அதன் நோக்கம் வயலில் வெள்ளம் தேங்கக் கூடாது, உப்பு ஏறக் கூடாது என்பதுதான். படகுப் போக்குவரத்து அதில் இல்லை.

இந்தக் கால்வாயை நேரில் பார்க்க வேண்டுமென்றால் வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஏதாவது ஒரு பாலத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டியிருக்கும், ஊதாப் பூவோடு. தண்ணீரில் ஆகாயத்தாமரை. மழை முடிந்த மாதங்களில் பச்சைப்பசேலென்று கரைக்குக் கரை மூடிக் கிடக்கும். படகின் பிரொப்பெல்லர் அதில் பத்தடி போவதற்குள் சிக்கிக்கொள்ளும், கழி ஊன்றித் தள்ளுவதுதான் வழி. கோடை வந்து ஆற்றுத் தண்ணீர் நின்று கடல் தண்ணீர் உள்ளே ஏற ஆரம்பித்தால் அதே ஆகாயத்தாமரை பழுப்படித்துக் கருகும். எது வரைக்கும் கருகியிருக்கிறதோ அது வரைக்கும் உப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். பாலத்தில் நின்றே கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று படித்துவிடலாம். பாலங்களையும் கவனியுங்கள். பழைய சிறு பாலங்கள் பல, நிறை தண்ணீரில் தலையைக் குனிந்தாலும் போக முடியாத உயரம்.

காயாக் வைத்திருக்கிறேன், துண்டு துண்டாகத் துடுப்பு போட்டுப் போகிறேன் என்பவர்கள் இருக்கலாம். அது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நீர்வளத்துறைப் பொறியாளர் அலுவலகத்திலும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். கடத்தல் பயம் உள்ள கடற்கரை இது. தெரியாத ஆள் தெரியாத படகில் கழிமுகத்தில் சுற்றினால் கடலோரக் காவல் குழுமம் விசாரிக்காமல் விடாது.

இப்போது உண்மையிலேயே படகில் போகக்கூடிய துண்டுகள்.

முதல் துண்டு பிச்சாவரம். வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிட முகத்துவாரம், நடுவில் சுமார் 1100 ஹெக்டேர் காடு. இங்கே மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே கேளுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்ட குறுகல் வாய்க்காலுக்குள் நுழையும். சுரபுன்னையின் வேர்கள் தண்டிலிருந்தே வளைந்து இறங்கித் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும். அலையாத்தியின் வேர் அப்படி இல்லை. சேற்றிலிருந்து மேல்நோக்கி பென்சில் பென்சிலாக முளைத்து நிற்கும், மூச்சு விட. கொஞ்சம் மேடான இடங்களில் தில்லை மரம் இருக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். நகரத்தில் இப்போது அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், காட்டில் இருக்கிறது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள், எரிந்து வீங்கிச் சில நாள் பார்வையே மங்கிவிடும். படகோட்டிகள் புதுசாக வருபவர்களிடம் "அத மட்டும் தொடாதீங்க சார்" என்று சொல்வது சும்மா மிரட்டுவதற்காக இல்லை.

காட்டுக்குள் ஒரு இடத்தில் மீன்முள் மாதிரி வாய்க்கால்கள் வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். வெள்ளைக்காரன் காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்களில் மண் காய்ந்து அமிழ்ந்து பள்ளமாகிவிட்டது. அலையில் வந்த உப்புத் தண்ணீர் அங்கேயே தேங்கி, ஆவியாகி, ஒரு செடிகூட முளைக்க முடியாத உப்பாகிவிட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் இந்த வாய்க்கால்களை வெட்டித் தண்ணீர் வந்துபோக வழி செய்து, கன்று நட்டுக் காட்டை மீட்டார்கள். நீங்கள் படகில் போகும் வாய்க்கால்களில் சில அப்படி மனிதர் வெட்டியவை.

இரண்டாவது துண்டு சின்னது, எனக்குப் பிடித்தது. கொடியம்பாளையத்திலிருந்து பழையாறு. கொடியம்பாளையம் கொள்ளிட முகத்துவாரத்தில் தண்ணீர் சூழ்ந்த மீனவர் ஊர். மயிலாடுதுறை மாவட்டம்தான், ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் கடலூர் மாவட்டத்துக்குள் புகுந்து போக வேண்டும். எதிர்க்கரையில் பழையாறு துறைமுகம். படகில் போனால் பக்கம், சாலையில் போனால் சிதம்பரம், கொள்ளிடம் பாலம் என்று பெரிய சுற்று. ஊர்க்காரர்கள் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் படகில்தான் குறுக்கே போவார்கள். இது சுற்றுலாப் படகு கிடையாது. யாராவது போகும்போது கூட ஏறிக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. கொள்ளிடத்தில் வெள்ளம் திறந்திருக்கும் நாளில் கேட்கவே வேண்டாம். மேட்டூர் நிரம்பி உபரி திறந்தால் அத்தனையும் கொள்ளிடத்தில்தான் வரும், அது டெல்டாவின் வெள்ள வாய். கடலிலிருந்து அலை உள்ளே தள்ள, ஆறு வெளியே தள்ள, முகத்துவாரத்தில் தண்ணீர் செங்குத்தாக எழும்பி உடைவதைப் பழையாற்றுக் கரையில் நின்றே பார்க்கலாம். பெரிய விசைப்படகுகூட அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, அலை எண்ணித்தான் வெளியேறும்.

(வழியில் ஒரு குழப்பம். தேசிய நீர்வழிப் பட்டியலில் பழையாறு என்று ஒன்று இருக்கிறது. அது கன்னியாகுமரி மாவட்டத்து ஆறு. இந்தப் பழையாறு இல்லை.)

பழையாற்றிலிருந்து நாகப்பட்டினம் வரை சுமார் 65 கிலோமீட்டர் வெறும் கடல். பழையாற்றிலோ தரங்கம்பாடியிலோ யாராவது ஒரு பைபர் படகுக்காரரிடம் பணம் கொடுத்துப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். மீன்பிடிப் படகில் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது. பிடித்தால் அவருடைய தொழிலுக்கே கேடு, உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். இந்தத் தூரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பஸ்தான். திருமுல்லைவாசல், பூம்புகார் இரண்டுக்கும் உள்ளே திரும்பிப் போக வேண்டும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, இறங்கிப் பாருங்கள். காரைக்காலில் அரசலாற்றங்கரையில் மாலை நடை நன்றாக இருக்கும்.

நாகப்பட்டினத்தில் முறையாக டிக்கெட் வாங்கிக் கடலில் போக ஒரு வழி இருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் 110 கிலோமீட்டர். கோடியக்கரையில் இறக்கிவிட மாட்டார்கள், யாழ்ப்பாணத்தில்தான் இறங்க வேண்டும். தெற்கே தண்ணீரில் போக வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோடியக்கரையில் படகுச் சவாரியை எதிர்பார்க்காதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது 1967-இல் சரணாலயமான காடும், வெளிமானும், உப்பளத்தை ஒட்டிய சதுப்பில் நிற்கும் பூநாரைகளும். தெற்கே போவது என்பதும் இங்கே முடிந்துவிடுகிறது. கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பி, பாக் நீரிணைக் கரையாகிவிடும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரல் முதல் அகலப்பாதை ரயிலும் உண்டு.

கடைசித் துண்டு முத்துப்பேட்டை. இதற்காகவே இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். பாமணியாறு, கோரையாறு, மரக்காக்கோரையாறு, கிளைதாங்கியாறு, கந்தப்பரிச்சானாறு எல்லாம் வந்து விழும் காயல். காடும் காயலும் சேர்ந்து பிச்சாவரத்தைவிடப் பத்து மடங்கு பெரிது. ஜாம்புவானோடையில் படகு ஏறி, கோரையாற்றில் இறங்கினால் இரண்டு கரையிலும் அலையாத்தி. கிட்டத்தட்ட அந்த ஒரு மரம்தான், பிச்சாவரத்தில் பார்த்த சுரபுன்னைக் கூரை இங்கே கிடையாது. ஆனால் ஆறு விரிந்து காயலுக்குள் வெளியேறும் அந்த இடம் பிச்சாவரத்தில் இல்லை. எதிர்க்கரை கோடாகத்தான் தெரியும். அவ்வளவு தண்ணீர் இருந்தும் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. படகோட்டி ஆழமான தடத்தை மனப்பாடமாக வைத்திருப்பார். கரையிலேயே "இப்ப வத்தம், கொஞ்சம் பொறுத்துப் போவோம்" என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்தினால் நடுக்காயலில் சேற்றில் தட்டி நிற்க வேண்டியதுதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் காட்டை அடித்துப்போட்டது. மொட்டையாக நின்ற பட்ட மரங்களுக்கு நடுவே இளங்கன்றுகள் வந்திருப்பதைப் பார்ப்பீர்கள். வனத்துறை அனுமதி வேண்டும், முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் பற்றி. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தெற்கே போகிறவனுக்குக் காற்றும் நீரோட்டமும் சாதகமாக இருப்பது ஐப்பசி, கார்த்திகையில். வாடைக்காற்று வடக்கிலிருந்து தள்ளும், கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கி ஓடும். அதே மாதங்கள்தான் புயல் மாதங்களும். பாய்மரக் காலத்தில் வேறு வழியில்லாமல் போனார்கள், உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வாருங்கள். ஆறுகளில் வெள்ளம் வடிந்திருக்கும், வாய்க்காலில் தண்ணீர் மிச்சம் இருக்கும், கோடியக்கரையில் வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பழையாற்றிலும் நாகப்பட்டினத்திலும் துறைமுகம் களையிழந்து கிடக்கும். வெயிலும் தாங்காது.

மார்ச்சில் வருவதாக இருந்தால் முத்துப்பேட்டைக்குக் காலைப் படகையே சொல்லி வையுங்கள். மதியத்துக்கு மேல் தென்காற்று எழும்பிவிடும். ஆழமில்லாத காயலில் அந்தக் காற்று குட்டை குட்டையாக அலையைக் கிளப்பி, எதிரே போகிற படகில் இருப்பவர்களை முழுக்க நனைத்துவிடும். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, குடிக்கத் தண்ணீர், தொப்பி இருந்தால் போதும். படகில் நிழல் கிடையாது.